கட்டம் சார்

அலுவலகத்தில் அவருக்குக் ‘கட்டம் சார்’ என்று பெயர். மென்பொருள் எழுதுமுன் அதற்கு வரைபடம் போட்டுத் தருவது அவர் வேலை. ஓரிடத்தில் நிற்கமாட்டார், பலகை முன் நடந்தபடியே கட்டம் போடுவார், அழிப்பார், மறுபடி போடுவார்.

ஒரு மருத்துவமனைத் திட்டத்தின் நடுவில் மனைவி போன் செய்தாள். பேசிக்கொண்டே பலகை ஓரத்தில் ‘அம்மா கண் மருந்து’ என்று கிறுக்கியவர், கை சும்மா இராமல் அதற்கும் கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துவிட்டார். புரோகிராம் எழுதுகிறவர்கள் பலகையை அப்படியே படம்பிடித்துப் போனார்கள்.

சோதனை நாளில் எந்த நோயாளியின் பெயரைத் தட்டினாலும் ‘அம்மா கண் மருந்து’ என்று திரையில் வந்து நின்றது.

“யாருய்யா இதைக் கேட்டது?” என்று எகிறினார் கட்டம் சார்.

“நீங்கதான் சார். அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தீங்களே!”

வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி இதைச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“ஊர்ல எல்லாருக்கும் ஞாபகப்படுத்தியாச்சு. உங்கம்மாவுக்கு நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன்.”