அடுப்பு மூடியில் இருந்த துளை

பழைய பம்ப் அடுப்பு ஏதாவது கைக்கு வந்தால் நான் அதை உடனே திறக்க மாட்டேன். முதலில் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே எண்ணெய் தளும்புகிறதா, துரு உதிர்ந்து சலசலக்கிறதா என்று கேட்பேன். பிறகு முகர்ந்து பார்ப்பேன். பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும் வீட்டுக்குள் கொண்டு போவதில்லை. கோழிக்கூட்டுக்கு அப்பால் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். "பாம்பு புடிக்கிறவன்கூட இப்புடி பயந்து பயந்து கூடையத் தொறக்க மாட்டான்" என்பாள் என் வீட்டுக்காரி.

பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. அதன்மேல் பலகைப் பாலம். மழைக்காலத்தில் அது ஆடும். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். பாலத்துக்குப் பயந்துதான் நின்றேன் என்று வீட்டில் சொல்லவில்லை. படிப்பு ஏறவில்லை என்று சொன்னேன். லிந்துலையில் ஒரு கராஜில் சேர்த்துவிட்டார்கள். ரேடியேட்டர் ஓட்டை, டேங்க் ஓட்டை எல்லாம் ஈயம் வைத்து அடைப்பது என் வேலை. இருபத்தைந்து வருடமாக அதையேதான் செய்கிறேன்.

நாடு முழுக்கக் கேஸ் கிடைக்காமல் போன காலத்தில்தான் இந்த அடுப்புப் பைத்தியம் பிடித்தது. தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்போம், பழைய இரும்பு வாங்குகிறார். ஒரு பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது ஸ்டோர் அறையைக் காலி செய்த சாமான் அவருடைய கடைக்கு வந்திருந்தது. குதிரைச் சேணக் கம்பி, உடைந்த வெந்நீர் பொய்லர், இவற்றுக்கு அடியில் புத்தகப் பை அளவில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் உள்ளேயே அடுப்பு. பித்தளை டேங்க், ஒரு பம்ப், ஒரு பர்னர், தீயைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.

"இது வெள்ளக்காரன்ட சாமான். காட்டுல கூடாரம் அடிக்கப் போனா கொண்டு போவானுக. எடுத்துட்டுப் போங்க, இங்க கெடந்தா ஒடச்சு எடைக்குத்தான் போடுவேன்" என்றார் நானா.

புளி போட்டுத் தேய்த்ததும் பித்தளை முகம் தெரிந்தது. பம்பின் தோல் வாசர் காய்ந்து சருகாகியிருந்தது. எண்ணெயில் ஊறவைத்தேன், ஒரு நாளில் மெத்தென்று ஆனது. முள் விட்டு பர்னர் துளையைச் சுத்தம் செய்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் எல்லா இடத்திலும் காற்று கசியாமல் நின்றது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில், நடுவில், கடுகு போகும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே காற்று மெல்லச் சீறியது. துளை என்றால் எனக்கு ஒரு வேலைதான் தெரியும். ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு வைத்தேன். வழவழவென்று நின்றது. அழகாகச் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

அந்த அடுப்பை நானுஓயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வடை போடும் அக்காவிடம் கொடுத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். புருஷன் கண் தெரியாமல் வீட்டில் இருக்கிறார். ரயிலில் வந்து நுவரெலியாவுக்கு வேன் பிடிக்கும் சனங்களை நம்பித்தான் அந்தப் பலகைக் கடை. விறகு நனைந்து, கேஸும் இல்லாமல், மூன்று வாரம் கடை திறக்காமல் இருந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டியபோது நீலத் தீ ஊ என்று எழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கேஸ் திரும்பி வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

கொடுத்த பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. கெடாவிட்டால்தான் அதிசயம். ஒரு தடவை, எங்கேயோ கேஸ் அடுப்பு வெடித்ததாகக் கேள்விப்பட்டு ஓடிப்போய், இந்த அடுப்பைத் தூக்கிப் போடச் சொன்னேன். இரண்டாவது தடவை, அடுப்புக்கு அடியில் ஈரம் கண்டு "எண்ணெய் ஒழுகுது, எல்லாம் வெளிய போங்க" என்று கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு ரோட்டுக்கு ஓடினார்கள். பார்த்தால் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அங்கே நிற்கும் ஆட்டோக்காரர் ஒருவர் எனக்குச் சங்கு என்று பேர் வைத்துவிட்டார். தோட்டத்தில் நேரத்துக்கு ஊதுவார்களே, அந்தச் சங்கு.

ஐந்து மாதம் கழித்து நானா இன்னொரு பெட்டி அடுப்பைக் காட்டினார். அதே சாதி, இன்னும் நல்ல நிலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சோதித்தேன். நான் தீ வைத்துச் சோதிப்பதில்லை. பம்ப் அடித்து, குளிக்கும் வாளித் தண்ணீரில் முழுக அமுக்கிவிடுவேன். ஓட்டை இருந்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். குமிழி இல்லை. இன்னும் கொஞ்சம் அடிப்போமே என்று அடித்தேன். அடித்துக்கொண்டே போனேன். திடீரென்று மூடியின் நடுவிலிருந்து காற்று பொலபொலவென்று கொப்பளித்து வந்தது. கொஞ்ச நேரம் வந்து தானாக நின்றுவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி அதேபோல் வந்து நின்றது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். துளைக்குப் பின்னால் நெல் அளவு ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு ரப்பர். உள்ளே அழுத்தம் அளவு மீறினால் ரப்பர் பின்வாங்கும், காற்று வெளியே போகும், டேங்க் தப்பிக்கும். செய்தவன் வேண்டுமென்றே விட்ட வழி அது. முதல் அடுப்பில் அந்த ரப்பர் தேய்ந்து சீறியிருக்கிறது. புது ரப்பர் போட வேண்டிய இடத்தில் நான் ஈயம் வைத்திருக்கிறேன்.

வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடை கண்முன் வந்தது. சின்ன அடுப்பு. அதன்மேல் அக்கா வைக்கும் சட்டியோ டேங்கையே மூடும் அகலம். சூடு மேலே போகாமல் கீழே டேங்கின் மேல் திரும்பும். போதாததற்குக் காற்றில் தீ அணையாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு தகரத்தை வளைத்து வைத்திருந்தார். சட்டியில் ஒரு போத்தல் எண்ணெய் கொதிக்கும். அவருடைய முகம் அதிலிருந்து ஒரு முழம்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மாவுக்கையோடு அவர் எடுக்க மாட்டார். வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"போன வாரம் மண்சரிவு வரும்னு என்னையும் புள்ளயவும் கோயில்ல படுக்க வச்சீங்க" என்றாள்.

"இது அப்புடி இல்ல."

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்றீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, போங்க. போயி உண்மையச் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க."

பஸ் ஏறினேன். சூட்டில் ஈயம் தானாக உருகித் துளை திறந்துவிடும் என்று வழியில் ராதெல்ல வரை மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். அப்புறம், அது உருகுகிற சூடு வரைக்கும் டேங்க் பொறுக்குமா என்று தோன்றியது. அதோடு அந்தத் தேறுதலும் போனது. ஒரு வளைவில் நானுஓயாப் பக்கம் வெள்ளையாக எழும்பியதைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். பனி. கண்டக்டர், "எறங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

கடை நின்றுகொண்டிருந்தது. அக்கா வடை தட்டிக்கொண்டிருந்தார். ரயில் வரும் நேரம். வேன்களும் ஆட்டோக்களும் நிறைந்து கிடந்தன.

"அக்கா, சங்கு வந்துருச்சு. மணி என்னன்னு பாத்துக்குங்க" என்றார் ஆட்டோக்காரர்.

வீட்டுக்காரி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் வேறு மாதிரிப் போனது. "அக்கா, அடுப்ப கொஞ்சம் அணைங்க. ஒரு சின்ன சர்வீஸ் பண்ணணும்."

"ரயில் வர்ற நேரத்துலயா சர்வீஸ்? ஒக்காரு தம்பி. ஒரு வட சாப்புடு."

தகரத்துக்கும் டேங்குக்கும் இடையில் விரலை விட்டுத் தொட்டேன். உடனே இழுத்துக்கொண்டேன். "டேங்க் சுடுது அக்கா. இவ்வளவு சுடக் கூடாது."

"அடுப்புன்னா சுடாம ஐஸ்கட்டி மாதிரியா இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் இன்னும் நான்கு வடையை எண்ணெயில் விட்டார். பம்பின் பிடியைத் தேடி அவருடைய கை போனது. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"பம்ப் அடிக்காதீங்க. அந்த மூடியில காத்து போறதுக்கு ஒரு ஓட்ட இருந்துச்சு அக்கா. டேங்க் வெடிக்காம இருக்க செஞ்சவன் வச்ச ஓட்ட. நான் தெரியாம ஈயத்த வச்சு அடச்சிட்டேன். நான்தான் அடச்சேன்."

அவருடைய கை நின்றது. சிரிப்பும் நின்றது.

"எப்ப?"

"குடுக்குறதுக்கு முந்தியே."

"அஞ்சு மாசம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். "இப்ப என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லு."

சொன்னேன். திருகை மூடித் தீயை அணைக்க வேண்டும். மூடியைத் தொடக் கூடாது. சூட்டோடு திறந்தால் ஆவி பீறிட்டு வந்து பற்றிக்கொள்ளும். சட்டியை ஆடாமல் இறக்க வேண்டும். பிறகு எல்லோரும் தள்ளிப்போய், அது தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். வரிசையாக, ஒன்றும் விடாமல், நிதானமாகத்தான் சொன்னேன். ஆனால் என் கை முன்னால் போகவில்லை. திருகு என்னிடமிருந்து இரண்டு அடியில் இருந்தது. போ என்று கைக்குச் சொல்கிறேன், அது சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து திருகை மூடினார். இரைச்சல் இறங்கி, நீலம் சுருங்கி, பொட்டென்று அணைந்தது. பழந்துணியால் சட்டியைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்தார். ஆட்டோக்காரர் சனங்களை ரோட்டின் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

ரயில் வந்தது. வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் பைகளோடு இறங்கி, ஆளில்லாத கடையைப் பார்த்துவிட்டு வேன் ஏறிப் போனார்கள். அக்கா ஸ்வெட்டருக்குள் கைகளை விட்டுக்கொண்டு எங்களோடு நின்றார். ஒரு மணி நேரம் போல ஆனது. டேங்க் கைக்கு ஆறியபின் நான் போய் மூடியை இம்மி இம்மியாகத் தளர்த்தினேன். இதை என் கை செய்தது. சீறிய சத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் வரை கேட்டது. ஆட்டோக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அடுப்பை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான் ஈயம் வைத்த மூடியைச் சரிசெய்யவில்லை. சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டேன். இரண்டாவது அடுப்பின் மூடி இதற்கும் சரியாகப் பொருந்தியது. அதன் பழைய ரப்பரை எடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் டேங்கின் பெட்ரோல் குழாய்த் திருகுக்குப் போடுகிற ரப்பரில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். சைக்கிள் டியூப் ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப்போய்விடும். வாளியில் அமுக்கி, குமிழி வந்து நிற்கும் வரை ஒன்பது தடவை பார்த்தேன். அடுத்த ஞாயிறு அடுப்போடு ஒரு சின்னச் சட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். அந்தத் தகரம் இனி வேண்டாம், காற்றை மறைக்கக் கடைப் பலகையே போதும் என்று விளக்கினேன். குமிழியையும் காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மாவுச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ ஒக்காரு."

"நானா?"

"நீதான். பத்த வச்சு வட போடு. நான் அங்கிட்டு நிக்கிறேன்."

"கோவமா இருக்கீங்க அக்கா."

"கோவந்தான். அதுக்காகச் சொல்லல. இந்த மலையில ஒன்ன மாதிரி பயந்தவன நான் பாத்ததில்ல. ஒன்னால ரயில் வர்ற வரைக்கும் இதுக்கு முன்னால ஒக்கார முடிஞ்சா, என்னாலயும் முடியும். நீ எந்திரிச்சா நான் வெறகுக்குப் போயிருவேன்."

உட்கார்ந்தேன். பற்றவைத்தேன். தீ ஊ என்று எழுந்ததும் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது. அவர் ரோட்டின் அந்தப் பக்கம் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். ஐந்து மாதம் இந்த இடத்தில் இவர் இருந்திருக்கிறார் என்று நினைத்ததும் எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு. மறுபடி வைத்தேன். வெதுவெதுப்புதான். வடை ஒன்றும் வட்டமாக வரவில்லை. ஓர் ஈடு போட்டு எடுத்தேன். அடுத்த ஈடு போட்டேன். கண் டேங்கின் மேலேயே இருந்தது.

தூரத்தில் ரயில் கூவியது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. தோளில் ஒரு கை பட்டது.

"தள்ளு தம்பி. வட கருகுது."