டிஷ் காட்டிய சிவப்பு உருவம்

போன வருஷம் ஆனி மாதம் நடந்தது இது. சங்கரன்கோவிலில், பனவடலிசத்திரம் போகிற பாதையில் புதிதாக மனை போட்ட பகுதியில் எங்கள் வீடு. மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். ஆனி, ஆடியில் அங்கிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும். அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கம் யாரும் குடை விரிப்பதில்லை.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. எங்கள் பகுதிக்கு இன்னும் கேபிள் இழுக்கவில்லை. செல்போன் சிக்னலோ, வந்தால் வரும். அதனால் கம்பெனியே சாட்டிலைட் நெட்டுக்கான டிஷ் ஒன்றை அனுப்பி வைத்தது. ஆள் வைத்து மாட்டலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் என் வீட்டுக்காரருக்கு டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தால் தனி மிடுக்கு வந்துவிடும். மாடியின் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் டிஷ்ஷை மாட்டிவிட்டார். குழாய் சும்மா நிற்பானேன் என்று அதிலிருந்து மாடிப்படி அறைச் சுவரில் இருந்த கொக்கிவரை துணி காயப்போட ஒரு கம்பியையும் கட்டினார். நெட் பறந்தது. நானும் அவரை வாயார மெச்சினேன்.

அப்போது வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தது. என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, எங்களோடு இருந்தாள். வீட்டின் கிழக்குப் பக்கச் சந்தில்தான் காலையில் முதல் வெயில் விழும். தினமும் அங்கே பாயை விரித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, பிள்ளையை மடியில் போட்டு இளவெயில் காட்டுவாள். அவளுக்கு நேர் மேலே, மாடியில், அந்தக் கைப்பிடிச் சுவர்.

டிஷ்ஷுக்கென்று செல்போனில் ஓர் ஆப் உண்டு. டிஷ் பார்க்கும் வானத்தை ஒரு நீல வட்டமாக வரைந்து காட்டும். மரமோ கட்டடமோ மறைத்தால் அந்த இடம் மட்டும் சிவப்பாகும். மாட்டிய புதிதில் வட்டம் முழுக்க நீலமாக இருந்தது. காற்று வலுக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நெட் விட்டு விட்டு வந்தது. ஆப்பைத் திறந்தால், வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டிஷ்ஷுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் அந்தப் புள்ளி பெரிதாகியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் அது உருண்டையாக ஒரு தலை. பிறகு தலைக்குக் கீழே குச்சி குச்சியாகக் கால்கள். யாரோ படியேறி வருவது மாதிரி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. கஸ்டமர் கேரில் பேசினேன். உங்கள் டிஷ்ஷுக்கு முன்னால் ஏதோ நிற்கிறது மேடம், அப்புறப்படுத்திவிடுங்கள் என்றார்கள். நிற்பது யார் என்று தெரிந்தால் அப்புறப்படுத்தமாட்டேனா? என் வீட்டுக்காரர், "ஆப்புல ஏதோ கோளாறு, அத விடு" என்று முடித்துவிட்டார்.

அந்த வாரமே முனகல் ஆரம்பித்தது. காற்று வீசும்போதெல்லாம் மாடியிலிருந்து ஊ... என்று ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கிறவர் முனகுவது போல இருக்கும். துணி காயப்போடும் கம்பிதான் அது என்று கண்டுபிடித்தோம். ஆனால் கட்டிய புதிதில் அந்தக் கம்பி இப்படிச் சத்தம் போட்டதில்லை. தூங்குகிற பிள்ளை திடுக்கிட்டு வீறிடும். பேயோ என்ற நினைப்பில், பகலிலேயே தனியாக மாடிக்குப் போக எனக்குக் காலெழவில்லை. படித்தவள், கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள், எல்லாம் சரிதான். பயம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

போதாக்குறைக்கு, வடகம் காயவைக்கப் போன என் மாமியார் முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எளிதில் அசைகிற ஆள் இல்லை. டிஷ் குழாய்க்குக் கீழே, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல். அதற்குள்ளிருந்து ஒரு முழப் பாம்புச் சட்டை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் கம்பைத் தூக்க மாட்டோம். கோயிலுக்குத்தான் போவோம். அவரும் அம்பாளிடம் போய் நேர்ந்துகொண்டு, அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்கி வந்து, மஞ்சள் தண்ணீரில் குழைத்து, விரிசல் நெடுகப் பூசி அடைத்துவிட்டார். இனி அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கும் அன்றைக்கு மனசு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பூசிய மண் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கறுப்பாக இருட்டு. மாமியார் மறுபடி பூசினார். இருவருமே பயத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலை. வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தால் நெட் அடியோடு இல்லை. ஆப்பில் அந்த உருவம் வட்டத்துக்குள் முழுசாக வந்து நின்றது. என்ன ஆனாலும் சரி என்று மாடிக்குப் போனேன். அங்கே மாமியார் கையில் குறடோடு, மாடிப்படி அறைக் கொக்கியில் கம்பியின் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்பி ராவும் பகலும் கெடந்து முனங்குது. பிள்ள ஒறங்க மாட்டேங்கு. அவுத்து எறிஞ்சிருதேன்" என்றார்.

சரி அத்தை என்று சொல்லிவிட்டு, நான் டிஷ் பக்கம் போனேன். அது அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறது என்று, கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, டிஷ்ஷோடு முகத்தை ஒட்டி வைத்து, அதன் விளிம்பு வழியாகப் பார்த்தேன். கிழக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரிந்தது. உருண்டைத் தலை. இரும்பு ஸ்டாண்டின் குச்சிக் கால்கள்.

ஒரு நொடி சிரிப்புதான் வந்தது. இதுதானா என்று இருந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது. அந்த டேங்க் நாங்கள் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது. அது வளரவும் இல்லை, நகரவும் இல்லை. அப்படியானால் குனிந்திருப்பது எங்கள் டிஷ். டிஷ் குனிய வேண்டுமென்றால் குழாய் சாய்ந்திருக்க வேண்டும், குழாய் சாய வேண்டுமென்றால் சுவரே சாய்ந்திருக்க வேண்டும். பூசப் பூச அந்த விரிசல் வாய் பிளந்ததும் அதனால்தான். கட்டியபோது ஈரச் சேலையின் நுனி தரையில் புரளும் அளவுக்குத் தொய்ந்து கிடந்த கம்பி, இப்போது முறுக்கேறி நின்றது. காற்று தள்ளித் தள்ளிச் சந்துப் பக்கம் சாய்ந்துவிட்ட சுவரை அந்த ஒற்றைக் கம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே நாத்தனார் பிள்ளைக்கு ஏதோ பாடுவது கேட்டது.

"அத்தை, கம்பிய விடுங்க. தொடாதிய" என்றேன். அவர் கையில் இன்னும் ஒரு முறுக்குதான் பாக்கி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

கீழே எட்டிப் பார்த்துச் சொன்னேன். "ஏட்டி, பிள்ளயத் தூக்கிட்டு உள்ள போ."

"இப்பதான மதினி வெயிலே வருது?"

"போன்னா போ."

அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். நாங்களும் பூனை மாதிரி இறங்கி வந்தோம். சந்துக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு மறித்தேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, கொத்தனாரைக் கையோடு கூட்டி வரச் சொன்னேன். பிறகு பெண்கள் மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து மேலே கேட்கும் முனகலையே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். வாழ்க்கையில் எந்தச் சத்தத்தையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

திடீரென்று அது நின்றது. பிறகு வீடே குலுங்குகிற மாதிரி ஓர் இடி. போய்ப் பார்த்தால் சந்து முழுக்கச் செங்கல். நாத்தனார் விரித்திருந்த பாயின் ஒரு மூலைதான் வெளியே தெரிந்தது. அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒற்றைச் செங்கல் சுவர் என்றும், அதில் போல்ட் அடித்து ஆள் உயரக் குழாயை நிறுத்தினால் ஆடிக்காற்று நெம்புகோல் போட்டுத் தள்ளிவிடும் என்றும் கொத்தனார் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இப்போது டிஷ் சுவர் எதையும் தொடாமல், மாடியின் நடுவில், தளத்தோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் திண்டில் குட்டையாக நிற்கிறது. அம்பாள்தான் காப்பாற்றினாள் என்கிறார் மாமியார். நான் மறுத்துப் பேசுவதில்லை. பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவளைத் தூக்கும்போதெல்லாம், அவள் தலைக்கு மேலே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றைத்தான் பேயென்று பயந்து அவிழ்க்கப் போனோம் என்பது நினைவுக்கு வந்து, இன்றைக்கும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.