இரைச்சல் பிடிக்கும் போலீஸ் அக்கா

அந்த வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளை ராட்சதக் கிண்ணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு போன் உயிர்பெற்றாலும் காரியம் கெட்டது. கையடக்க ஆன்டெனாவோடு சுற்றிவந்து, இரைச்சல் போடும் பொருளைப் பிடுங்குவதுதான் அவள் வேலை. இயக்குநரின் கைக்கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, மகராசி!

அன்று பகல் பதினொரு மணிக்குப் பெரிய வேலை. தூரத்துக் கேலக்ஸி ஒன்றின் நட்டநடுவில் கடுகளவு தெரியும் புள்ளியை ஆறு நாட்டுக் கிண்ணங்கள் ஒரே நேரத்தில் பார்க்கப் போகின்றன. ஆறு பதிவும் சேர்ந்தால்தான் அது ஒன்றா, ஒட்டி நிற்கும் இரண்டா என்று தெரியும்.

பத்தேகாலுக்குத் திரையெல்லாம் இரைச்சல் கோடுகள்.

"நாம சொதப்பினா அடுத்த வருஷம் சேர்த்துக்கவே மாட்டாங்க," என்று இயக்குநர் தலையில் கைவைத்தார்.

அவள் நேரே கேன்டீனுக்குப் பாய்ந்தாள். அங்கே சமையல்காரர் அவளுடைய கணவர்.

"ஏங்க, மைக்ரோவேவ் போட்டீங்களா?"

"அதைத்தான் போன மாசமே நீ தூக்கிட்டுப் போயிட்டியேம்மா!"

"அப்ப வேற ஏதோ ஒளிச்சு வச்சிருக்கீங்க. தள்ளுங்க!"

எல்லார் முன்னாலும் அவரை வறுத்தெடுத்துவிட்டு, மிக்ஸி முதல் சுவர்க்கடிகாரம் வரை பிடுங்கிப் போட்டாள். இரைச்சல் அசையவில்லை.

வெளியே வந்து ஆன்டெனாவைத் திருப்பினாள். வாசல் பக்கம் திரும்பியதும் அதன் மீட்டர் முள் துள்ளியது. அங்கே 'போனுக்குத் தடை' என்று சிவப்பு எழுத்து ஓடும் மின்பலகை. இயக்குநரிடம் மல்லுக்கட்டி வாங்கி, காலையில் அவளே மாட்டியது. ஊரார் பொருளையெல்லாம் சோதித்தவள் தன் பொருளைச் சோதிக்க மறந்துவிட்டாள்.

"அட கடவுளே, நானா?"

ஒயரைப் பிடுங்கினாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் திரை சுத்தமானது.

"வெளியிலேர்ந்து வந்த இரைச்சல்னு எழுதிடலாம், விடுங்கக்கா," என்றாள் பொறியாளப் பெண்.

"மூச்! அப்படியெல்லாம் பேசக்கூடாது." பதிவேட்டில் தன் கையாலேயே 'தவறு என்னுடையது' என்று எழுதினாள். பிறகு கேன்டீனுக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, "மன்னிச்சிடுங்க" என்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையைக் கேட்டறியாத மனிதர் கரண்டியை நழுவவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. புள்ளி ஒன்றல்ல, இரண்டு. இவர்கள் பதிவு இல்லாவிட்டால் பிரித்தே பார்த்திருக்க முடியாதாம். அடுத்த வருஷமும் இவர்களுக்கு இடம் உண்டாம். சந்தோஷத்தில் அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

கணவர் திரையை உற்றுப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே இருக்குமா?"

"ஆமாங்க. கோடிக்கணக்கான வருஷமா."

"அதுல எதும்மா முதல்ல மன்னிப்புக் கேட்டிருக்கும்?"