தபால் நிலையச் சுவரில் பெட்ரா

பெட்ரா ஹுடாக்கும் நானும் ஒரே ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தோம். அவள் இஸ்திரி மேசை, நான் மடிப்பு மேசை. நாள் முழுக்க நின்றபடி வேலை. அவள் புருஷனுக்கு இரும்பு ஆலையில் வேலை போய்விட்டது. நதிக்கரையோரம் உலைகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டிருந்த காலம் அது. குடும்பம் அவள் காலில்தான் நின்றது.

மாடி அறையை ஓர் ஓவியருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பெயர் வாரன் டட்டில். வேலையில்லாத ஓவியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஊர் ஊராய் சுவரில் படம் போடவைத்தது. எங்கள் ஊர் தபால் நிலையச் சுவர் இவருக்கு வாய்த்தது. ஒருநாள் பெட்ரா வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்தபோது அவர் கேட்டாராம்.

"அம்மா, உங்கள வரையட்டுமா?"

"நிக்கணுமா?"

"வேணாம், இப்படியே உட்காருங்க."

"உட்கார விட்டா எவ்வளவு நேரம் வேணும்னாலும் வரைஞ்சுக்கோ, தம்பி."

சுவரில் படம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். இடது பக்கம் எங்கள் ஓட்டல் விருந்துக்கூடம்; வெள்ளை விரிப்பு, மெழுகுவத்தி, முத்துமாலைப் பெண்கள், வறுத்த வாத்து. வலது பக்கம் இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஆலை ஆட்கள். நடுவில், கவிழ்த்துப்போட்ட துணிக்கூடைமேல் பெட்ரா, வீங்கிய வெறுங்காலோடு.

"ஏண்டி, முத்திரை குத்தறவன் தலைக்கு மேல உன் கட்டைவிரல் தொங்குது!" என்றேன்.

"ஐயோ, நகத்தையாவது வெட்டியிருப்பேனே," என்று முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, வெட்கப்பட்டாளா, தெரியவில்லை.

பணக்கார விருந்துக்குப் பக்கத்தில் ரொட்டி வரிசையும் வெறுங்காலும் இருந்தது ஊர் வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. படத்தை அழிக்கவேண்டும் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று டட்டில் பெட்ராவைக் கெஞ்சினார். வேலை முடிந்து நேராக வந்து என் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

இரும்புக்கடை ப்ரென்டிஸ் மேடையேறினார். "நம்ம ஊர்ப் பொம்பளைங்க இப்படியா இருக்காங்க? வெளியூர்க்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?"

எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. பெட்ரா வாய் திறந்தபடி, ஒரு செருப்பு கழன்று விழ, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் உலுக்கி எழுப்பினேன். பதறிப்போய் எழுந்தாள்.

"என்ன இர்மா, மணி அடிச்சிருச்சா?"

"அம்மா, படத்தைப் பத்தி ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று டட்டில் முன்வரிசையிலிருந்து கேட்டார்.

சுற்றும்முற்றும் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கால் வலிக்குது. நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

அதோடு கூட்டம் முடிந்த மாதிரிதான். விருந்துக்கூடத்தை அழித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. டட்டில் அதன்மேல் கோதுமை வயல் வரைந்தார். எங்கள் ஊரில் கரியும் சாம்பலும் உண்டு, கோதுமை எங்கே விளைந்தது? விளைந்த வயலுக்கு எதிரே ஆட்கள் ஏன் ரொட்டிக்கு நிற்கிறார்கள் என்று இப்போது படத்தைப் பார்த்தால் புரியாது.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று டட்டில் பெட்ராவிடம் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

"பேசினேனே. வலிக்குதுன்னு சொன்னேனே."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அதைப் பலநாள் மனதில் போட்டு அரைத்தாள். "நான் வேற என்ன சொல்லணும்னு அந்தப் பையன் எதிர்பார்த்தான், இர்மா?" என்பாள்.

படத்துக்காக ஓட்டல் மேலாளர் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இஸ்திரியிலிருந்து துவைக்கும் தொட்டிக்கு மாற்றினார், அவ்வளவுதான். குளிர்காலத்திலும் ஈரத்தரை. கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாய்ப் புடைத்தன. நான் போய் மேலாளரிடம் கேட்டேன். "சுவர்ல இடம் கிடைச்சவங்களுக்கு என்ன குறை?" என்றார். பெட்ராவிடம் இதைச் சொல்லவில்லை.

போர் தொடங்கியபிறகு ஆலை மறுபடி ஓடியது. அவள் புருஷனுக்கு வேலை கிடைத்தும் அதிகநாள் இருக்கவில்லை; நெஞ்சுவலியில் போய்விட்டான். கிளீவ்லாண்டில் இருந்த மகன் அவளை அழைத்துக்கொண்டான். ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

"இனிமேலாச்சும் கொஞ்சம் ஓய்வா இருடி."

"எங்க? அவன் வீடு மூணாவது மாடியாம்," என்றாள் பெட்ரா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரயில் படியில் முதல் காலை வைத்தாள்.