கரைந்தது என் பல் சிமெண்ட் மட்டும்

நானும் என் ஓரகத்தி சுமதியும் போன வருடம் ஒரே நாளில், ஒரே டாக்டரிடம் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டோம். இன்று மறுபடி காட்டப் போனோம்.

சுமதியின் பல்லைப் பார்த்து, "கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார் டாக்டர்.

என்னுடையதைப் பார்த்து, "ஓரமெல்லாம் கரைஞ்சிருச்சுங்க. இந்தச் சிமெண்ட் இறுகறதுக்குள்ள நனைஞ்சா ஈரத்தை உறிஞ்சிக்குமுங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா கரையும். அன்னைக்கு உடனே ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்றார்.

நான் "இல்லீங்க" என்பதற்குள் சுமதி, "அக்கா ரெண்டு டீ குடிச்சாங்க டாக்டர். நான் வேண்டாம்னுதான் சொன்னனுங்க" என்றாள்.

வேலை பார்க்கும் கம்பெனியிலும் அவள் தைத்த பனியன் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆனதில்லை. இப்போது பல்லும் பாஸ்.

புதிதாக அடைத்த பல்லோடு நான் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் வர, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே வந்தாள்.

வயிறு எரிகிறது. அடைத்த பல் கரைந்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.