தெருவெல்லாம் சுற்றி வந்த குக்கர்

“கவரைப்பேட்டையில பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “நம்ம மிக்ஸிக்கு வீடியோ போட்ட பொண்ணு இருக்கா” என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

காலை ஏழேகாலுக்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். வண்டி முழுக்கக் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டவர்கள்; எண்ணூர் தாண்டியும் நின்றுகொண்டேதான் வந்தேன். மீஞ்சூரில்தான் ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் பச்சையாக ஓடியது, அதன் முதுகிலேயே தகரக் கூரை போட்ட கம்பெனிகளும் வந்தன.

பொருள்களுக்கு ரிவ்யூ வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குப் பொதுவாகவே கடுப்பு. பெட்டியைப் பிரிக்கும் முன்பே ‘வேற லெவல்’ என்று கத்துவார்கள். ஜான்சி அப்படியில்லை. “இந்த மிக்ஸியில இன்னா பேஜாருன்னா...” என்றுதான் ஆரம்பித்தாள். சட்னி ஜார் மூடியைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டு, அப்புறம்தான் நல்லதைச் சொன்னாள். வாங்கினேன், அவள் சொன்ன குறையும் சரி, நிறையும் சரி, அப்படியே இருந்தன. அவள் வேலைக்குப் போகிறவள், வார லீவில் மட்டும் படம் எடுக்கிறாள். வந்து பார்க்கலாமா என்று எழுதிக் கேட்டதற்கு, “வாங்கக்கா, லைட்டு புடிக்க ஆளு இல்ல” என்று பதில் வந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் எல்லாரையும் கேட்பதுபோல என்னையும் எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

“கம்பெனி இல்லப்பா. வீடியோ போடற ஜான்சி வீடு.”

“குக்கர் ஊடா? ஏறுங்க. நானும் அந்தத் தெருதான். அந்தக் குக்கரு எங்க ஊட்டுக்கும் வந்துட்டுப் போச்சு.”

“எப்படி இருந்தது?”

“சூப்பரா கீதுன்னு சொல்லச் சொல்லிக்கீறாங்க எங்க ஊட்ல” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜான்சியின் வீடு இரண்டே அறை. போனதும் இட்லியை நீட்டி, “மொதல்ல நாஷ்டா, அப்புறம்தான் வேலை” என்றாள். முப்பது வயதிருக்கும், பேசும்போதே கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். தான் மட்டும் ஒரு நாள் பயன்படுத்திவிட்டு எதையும் பேச மாட்டாள். எந்தப் பொருளும் முதலில் தெருவைச் சுற்ற வேண்டும். ஒரு வீட்டில் கரி அடுப்புபோலப் புகைந்து எரியும் கேஸ் ஸ்டவ், இன்னொரு வீட்டில் எட்டுப் பேருக்குச் சமையல், வேறொரு வீட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் சமைக்கும் அம்மா. “எல்லாருகிட்டயும் உழைச்சாத்தான் அது பொருளு” என்றாள்.

இந்த முறை வந்த குக்கரில் ஒரு சிக்கல். அவள் நாத்தனார் ஸ்டெல்லா, அதே குக்கரைச் செய்யும் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். நாலு வருஷமாகக் காண்ட்ராக்ட். “உங்க அண்ணி வீடியோ நல்லா வந்தா, பர்மனென்ட்டுக்கு உன் பேரை நானே சொல்றேன்” என்று சூப்பர்வைசர் அவளிடம் குக்கரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அன்று ஸ்டெல்லாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். சீருடைக்கு இஸ்திரி போட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பெட்டிக்கு ஒட்டும் டேப் கிழித்த தழும்புகள்.

பத்து மணி வாக்கில் பக்கத்து வீட்டு மல்லிகா குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தார். இரவல் வாங்கிய பாத்திரத்தை இங்கே யாரும் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். உள்ளே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. “நல்லா கீதுமா. தெருவே சொல்லுது” என்றார்.

ஜான்சி ஃபேனை நிறுத்தினாள், சத்தம் பதிவாகுமாம். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டினாள், பாத்திரத்தில் பளபளப்பு அடிக்காமலிருக்க. வேர்த்துக் கொட்டிக்கொண்டு நான் லைட்டைப் பிடித்தேன். கடலையைக் கொட்டிவிட்டுக் குக்கரின் உள்பக்கத்தைக் கிட்டத்தில் எடுக்கப் போனவள், போன் திரையைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

“மல்லிகாக்கா, நம்ம உப்புத் தண்ணியில ஒரு தரம் கொதிச்சாலே அலுமினியம் கறுத்துடும். இது இன்னா கண்ணாடியாட்டம் மின்னுது?”

மல்லிகா முந்தானையைத் திருகினார்.

“யாருமே ஆக்கலியா இதுல?”

“எப்பிடிமா ஆக்கறது? ஆக்கி ஒரு கொறை தெரிஞ்சா உன்னாண்ட சொல்லாம இருக்க முடியுமா? சொன்னா இந்தப் பொண்ணு வேலை இன்னா ஆவும்? அதான் கழுவி, தொடச்சி, அடுத்த ஊட்டுக்குக் குடுத்துட்டோம்.”

கண்ட குறையை மறைக்க வராது, அதனால் சமைக்கவே இல்லை. இப்படியும் ஒரு தெரு உண்டா! எனக்குச் சிரிப்பு வந்தது. ஜான்சிக்கு வரவில்லை. பருப்பைக் கழுவிப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

விசில் வரவே இல்லை. கைப்பிடிப் பக்கம் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவிலிருந்து ஆவி சீறியது. அடுப்பை அணைக்கக் கை நீட்டியவள், “அம்மாடி!” என்று உதறிக்கொண்டாள். ரப்பரைத் திருப்பிப் போட்டாள், விளிம்பைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடம், அதே சீறல். சிவந்த விரல்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, “இந்த வீடியோ வேணாம். மூடிடலாம்” என்றாள்.

“அதுதான் சரி” என்றேன் நானும். “பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்துடு.” வெளியிலிருந்து வந்தவளுக்குச் சுலபமாக வாயில் வரும் யோசனை.

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, சீருடையை மாட்டிக்கொண்டு ஸ்டெல்லா வந்தாள். “மல்லிகாக்கா, உம் பொண்ணு கல்யாணச் சீருக்கு எந்தக் குக்கரு வாங்கப்போற?”

“இதேதான். நீ கட்டுற டப்பாவாச்சே.”

“கேட்டியா அண்ணி? அந்தப் பொண்ணு கை வேகணுமா?” குக்கரைக் காட்டினாள். “எனக்குப் பயமாத்தான் கீது. நாலு வருஷம் காத்துக்கினு கீறேன். ஆனா இது தெரிஞ்சப்புறம் எப்பிடி நான் டேப்பு ஒட்டுவேன்? எடு. நானே சொல்றேன்.”

“உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கத்தினாள் ஜான்சி. ஸ்டெல்லா அதற்குள் சீருடைக்கு மேல் ஜான்சியின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே நின்றுவிட்டாள், கம்பெனி சீருடையோடு வீடியோவில் வரக் கூடாதென்று. முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. ஜான்சி போனைத் தூக்கினாள், நான் லைட்டைப் பிடித்தேன்.

ஒன்றரைக்கு அவளுடைய கம்பெனி வேன். தெருமுனை வரை நாங்கள் மூவரும் போனோம். “நான் ஏறுனதும் போட்டுடு அண்ணி. யோசிச்சுக்கினு இருக்காத” என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஜான்சி நின்ற இடத்திலேயே போனைத் தட்டினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மல்லிகா அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். நான் அவள் போனை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வண்டி காலியாக இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு பொருள் பிடிக்கவில்லையென்றால் நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவோம். அந்தப் பொருளுக்குப் பின்னால் எங்கள் நாத்தனார் யாரும் நிற்பதில்லை. இதை யோசித்துக்கொண்டே வீடியோவைத் திறந்தேன்.

“இந்தக் குக்கரை டப்பாவுல போட்டு ஒட்டறது நான்தான்” என்று ஆரம்பித்தாள் ஸ்டெல்லா. “இப்பத்திக்கு வாங்காதீங்க. ஆவி கைமேல அடிக்குது, பாருங்க.”

பொன்னேரியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் போனுக்குள் எட்டிப் பார்த்தாள். “இன்னா குக்கருக்கா அது? நல்லா கீதா?”

“வேணாம்மா. அதைப் பேக் பண்ற பொண்ணே வாங்காதன்னு சொல்றா.”

“அய்யய்யோ” என்று நெஞ்சில் கை வைத்தாள் அவள். “அந்தப் பொண்ணு வேலை?”