மக்டா வீட்டுக்கு வந்து போன ஆக்கள்

இது நடந்தது. நம்பாத ஆக்கள் நம்பாமல் விடுங்கோ, நான் ஒருதரோடையும் வாதாட வரேல்லை. எங்கடை மேரிசெலின் அக்கா மாதாவிலை சத்தியம் பண்ணிச் சொன்னது. மன்னார்ப் பொம்பிளை. ஆரும் பேய்க்கதை துவங்கினால் எழும்பிப் போய்க் கோப்பை கழுவுற ஆள். அந்த மனுசி இப்ப பொழுதுபட்டால் தனியக் கார் ஓடமாட்டா. ஏன் எண்டதைத்தான் எழுதுறன்.

அக்காவும் புருசன் ஞானரட்ணத்தாரும் கிரின்ஸ்டெட் எண்ட டேனிஷ் ஊரிலை இருக்கினம். அக்காவுக்கு வேலை வேறையொரு கொமூனிலை, எங்கடை பிரதேச சபை மாதிரி. எது எண்டு சொல்லமாட்டன், சொன்னால் அவவின்ரை வேலைக்குக் கூடாது. வயசுபோன ஆக்களை வீடு வீடாய்ப் போய்ப் பாக்கிற வேலை. முழங்கால் பழுதாப் போனபிறகு அவவைக் கந்தோரிலை ஒரு திரைக்கு முன்னாலை இருத்திப்போட்டினம். இப்ப பாதி விசிட் வீடியோவிலைதானே நடக்குது. கிழடுகளின்ரை வீட்டிலை ஒரு டப்லெட் வைச்சிருக்கும். நேரத்துக்கு அதுக்குக் கோல் அடிச்சு, குளிசை போட்டீங்களோ, சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டு, கையைக் காட்டி வைக்கிறது. ஆறேழு நிமிசம். அதுக்குப் பேர் பராமரிப்பு.

அந்தப் பக்கம் காரிலை போன ஆக்களுக்குத் தெரியும். கையாலை தடவி விட்ட மாதிரித் தட்டை நிலம். கோடு கிழிச்ச மாதிரி ரோட்டு. கரண்ட் எடுக்கிற காத்தாடி, ஊசியிலை மரம், பண்டிப் பண்ணை. முந்தி ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பால் ஆலை, ஒரு கடை இருந்ததாம். இப்ப பஸ்சும் இல்லை. இளசுகள் ஓர்ஹூஸ், ஹோர்சன்ஸ் எண்ட டவுனுகளுக்குப் போட்டுதுகள். கிழடுகள் மிஞ்சிச்சு. பிறகு அதுகளும் இல்லை. கந்தோர்ச் சுவரிலை ஒரு படம் தொங்கும். சனம் உள்ள இடம் பச்சை, சனம் இல்லாத இடம் வெள்ளை. மக்டா எண்ட கிழவி இருந்த ரோட்டு முழு வெள்ளை.

அக்கா அந்த ரோட்டுக்குப் போனதே இல்லை. கிழவியைத் திரையிலைதான் பழக்கம்.

மக்டாவுக்கு எண்பத்தொன்பது வயசு. தள்ளுவண்டியைப் பிடிச்சுத்தான் நடப்பா. பிள்ளையள் இல்லை. ஒக்டோபர் வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான். காத்து, குளிர், முதுகு. பிறகு ஒரு நாள் முகம் மலர்ந்து கிடந்துது.

"இண்டைக்கு ஓவ வந்தவன்," எண்டா கிழவி.

"ஆர் ஓவ?"

"அடுத்த பண்ணை. கோப்பி குடிச்சிட்டுப் போறான்."

அடுத்த கிழமை எல்சா டீச்சர் வந்தா. பிறகு பால் வண்டி ஓடின நீல்ஸ். பிறகு நீல்ஸின்ரை பெண்சாதி. நவம்பரிலை அக்கா அடிக்கிற நேரமெல்லாம் அந்தக் குசினிக்குள்ளை கோப்பை கிலுங்குற சத்தம், ஆரோ செருமுற சத்தம். அக்காவுக்கு வலு சந்தோசம்.

இஞ்சைதான் பிழை நடந்தது. ஒரு டேனிஷ்காரி எண்டால் உடனை கேட்டிருப்பாள், அந்தப் பொட்டல் வெளியிலை ஆர் உனக்குக் கோப்பி குடிக்க வாறது எண்டு. எங்கடை ஆக்களுக்கு அது தோன்றாது. வயசுபோன மனுசி இருக்கிற வீட்டுக்கு அயலட்டை வரும், போகும், குந்தி இருந்து ஊர்க்கதை கதைக்கும். வராட்டில்தான் எங்களுக்குப் புதினம். அக்கா கந்தோர்ப் பொறுப்பாளர் போடிலிட்டை வாய் நிறையச் சொன்னவ, மக்டாவுக்கு இப்ப நல்ல துணை, ஒவ்வொரு நாளும் ஆக்கள் எண்டு.

போடிலுக்கு மேலிடத்திலை இருந்து நெருக்கு, விசிட்டைக் குறை, குறை எண்டு. லிஸ்டிலை இருந்த மற்றப் பேரைப் போல மக்டாவின்ரை பேரிலையும் கை வைச்சா. கிழமைக்கு ரெண்டு தரம் நேரை போய்க் கிழவியைக் குளிப்பாட்டி விட்டிட்டு வாற பெட்டையை நிப்பாட்டியாச்சு. இனி வீடியோ மட்டும்.

"பாத்தியே," எண்டார் ஞானரட்ணத்தார் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு. "எங்கடை வீட்டுக்குக் கிறிஸ்மஸுக்கு வாறதுக்கு மகளுக்கே நேரமில்லை. கிழவிக்குக் கொடியேற்றம் நடக்குது."

"உங்களுக்கு எரிச்சல்."

"ஓம், எரிச்சல்தான். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போ. நானும் ஒரு கோப்பி குடிப்பம்."

டிசம்பர் துவங்கினாப் பிறகுதான் அக்காவுக்குச் சின்னச் சின்னதாய் உறுத்தத் துவங்கினது.

ஆக்கள் இருக்கினம், ஆனால் முகம் வராது. ஒரு தோள். ஒரு கை. கதவடியிலை ஒரு முதுகு. "கொஞ்சம் இஞ்சாலை வரச் சொல்லுங்கோ, ஒரு ஹலோ சொல்லுவம்" எண்டு அக்கா கேட்டால், "அவைக்கு உது விருப்பமில்லை" எண்டுவா மக்டா.

பிறகு நடைச் சத்தம். டொக்... டொக்... டொக். மரச்சப்பாத்து. இந்தக் காலத்திலை ஆர் மரச்சப்பாத்துப் போடுறது?

பிறகு ஒரு வியாழக்கிழமை. வீட்டுக்குள்ளை நல்ல குளிர். மக்டா கதைக்கேக்கை வாயாலை வெள்ளைப் புகை வந்துது. பக்கத்திலை ஒரு ஆம்பிளை, வாயும் நாடியும் மட்டும் தெரியுது, ஏதோ சொல்லுறான். வாய் அசையுது.

அவன்ரை வாயாலை புகை வரேல்லை.

அக்கா திரையை மூடிப்போட்டவ. பிறகு தனக்குத் தானே சொன்னவ, கமரா பழுதாய் இருக்கும்.

அடுத்த நாள் வெள்ளி. கிறிஸ்மஸ் வருது. வேலை முடிஞ்சாப் பிறகு நேரை ஒருக்காப் போய்ப் பாப்பம் எண்டு முடிவெடுத்தா. கந்தோருக்குச் சொல்லேல்லை. சொல்லாமல் போனால் பேச்சு விழும், தெரியும். காரின்ரை பின்வளத்திலை ஒரு பெட்டி பொரிச்ச ரோல்ஸ் வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டா. மூண்டரை மணி. டிசம்பர்தானே, வெளிச்சம் அப்பவே வடிஞ்சுபோச்சு.

பெரிய ரோட்டாலை திரும்பினது மட்டும்தான். அதுக்குப் பிறகு ஒரு கார் எதிரிலை வரேல்லை.

முதல் வீடு வந்துது. யன்னலுக்குப் பலகை அடிச்சிருக்கு.

ரெண்டாவது வீடு. கூரை உள்ளுக்கு விழுந்து கிடக்கு.

மூண்டாவது... வீடே இல்லை. இடிச்சுச் சரளைக்கல் கொட்டியிருக்கு. தபால் பெட்டி மட்டும் நிக்குது.

அக்கா வேகத்தைக் குறைச்சா. இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு. எல்லாம் இருட்டு. ஒரு நாய் குரைக்கேல்லை. அடுத்த பண்ணை எண்டு மக்டா சொன்ன வீட்டிலை, வாசலுக்குள்ளாலை ஒரு மரம் வளர்ந்து நிக்குது.

அப்ப ஓவ எங்கை இருந்து வாறான்?

அக்கா காரைத் திருப்பப் பாத்தவ. ஆனால் முன்னுக்கு ஒரு வெளிச்சம். மக்டாவின்ரை குசினி.

கதவு பூட்டேல்லை. அக்கா உள்ளுக்குப் போனா.

நீட்டு மேசை. சுத்திவரக் கதிரையள். ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலையும் ஒரு கோப்பை. ஒவ்வொரு கோப்பையிலையும் ஆவி பறக்குது. நடுவிலை மக்டா தனிய இருக்கிறா.

"வந்திட்டியே," எண்டா. "அதிலை இருக்காதை. அது ஓவவின்ரை."

"மக்டா... ஆக்கள் எங்கை?"

"உனக்கு வெக்கப்பட்டு அங்காலை போட்டினம்."

அங்காலை அறைக்குள்ளை... டொக்.

நிண்டுது.

டொக்... டொக்.

அக்கா ரோல்ஸ் பெட்டியை மேசையிலை வைச்சா. "மக்டா, கோட்டைப் போடுங்கோ. என்ரை வீட்டுக்குப் போவம். இண்டைக்கு இஞ்சை இருக்க வேண்டாம். வாங்கோ அம்மா."

கிழவி சிரிச்சாவாம். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் அக்காவுக்கு இண்டைக்கும் சுடுதாம்.

"உன்ரை வீட்டிலை எனக்கு ஆரைத் தெரியும்? குளிப்பாட்டுற பெட்டையை நிப்பாட்டினியள். முந்திப் பஸ்சை நிப்பாட்டினியள். இவை வரினம். இவை நேரை வரினம்."



பக்கத்திலை இருந்த கதிரை... மெல்ல... தானாய்ப் பின்னுக்கு இழுபட்டுது. ஆரோ இருக்கிறதுக்கு இழுக்கிற மாதிரி.

அக்கா ஓடினவ.

முழங்கால் நோ, ஐஸ், ஒண்டும் தெரியேல்லை.

காருக்குள்ளை ஏறிப் பூட்டினா.

திரும்பிப் பாத்தா.

குசினி யன்னல் நிறைய... முதுகுகள்.

போடிலுக்குக் காரிலை இருந்தே போன் அடிச்சவ. சொல்லாமல் போனதுக்குப் பேச்சு விழும் எண்டதெல்லாம் மறந்துபோச்சு. வந்து போன ஆக்களின்ரை பேரை ஒவ்வொண்டாய்ச் சொன்னவ. போடில் அந்தப் பக்கம் பிறந்து வளந்தவ.

"நீ இந்தப் பேருகளை எனக்குச் சொல்லேல்லையே," எண்டா போடில். "நீ துணை எண்டுதான் சொன்னனீ."

"ஆர் அவை?"

"எல்சா எனக்குப் படிப்பிச்ச டீச்சர். நான் அவவின்ரை செத்தவீட்டுக்குப் போனனான். மற்ற ஆக்களும் அப்பிடித்தான். இப்ப கல்லறையும் இல்லை. கல்லறைக்கு வருசக் காசு கட்டுறதுக்கு ஆளில்லை எண்டு கோயில் கல்லையெல்லாம் எடுத்துப்போட்டுது."

"அப்ப அந்த ரோட்டிலை இப்ப ஆர் இருக்கிறது?"

"மக்டா," எண்டா போடில். "மக்டா மட்டும்."

"இண்டைக்கே ஆரையும் அனுப்புங்கோ."

"வெள்ளி பின்னேரம், மேரி. ஆர் இருக்கினம் அனுப்ப? திங்கள் காலமை நானே போறன். குளிப்பாட்டுற விசிட்டையும் திருப்பிப் போடுறன்."

அக்கா அண்டைக்குத் திரும்பிப் போகேல்லை. போகச் சொல்லி மனம் சொல்லிச்சுதாம். கால் போகேல்லை. சனிக்கிழமை விடிஞ்சதிலை இருந்து பனி கொட்டிச்சுது. பின்னேரம் விட்டிட்டுது. சனி, ஞாயிறு வீடியோவும் இல்லை. ஞாயிறு கோயிலிலை மக்டாவின்ரை பேரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினவ.

திங்கள் காலமை போடில் போன் அடிச்சவ. 

மக்டா செத்துப்போனா. டொக்டர் சொன்னபடி சனி ராத்திரி. கதவு உள்ளுக்காலை பூட்டி இருந்தது, கொமூனின்ரை திறப்பாலைதான் திறந்தது. கட்டிலிலை புது விரிப்பு. தலை இழுத்து வாரி இருக்கு. கை ரெண்டும் நெஞ்சிலை மடிச்சு வைச்சிருக்கு. யன்னல் ஒரு சாண் திறந்து கிடந்துது. ஆரும் செத்தால் டேனிஷ்காரர் அப்பிடித்தான் யன்னலைத் திறந்து விடுவினம், உயிர் வெளியாலை போறதுக்கு. வீட்டு முத்தத்திலை கொடி அரைக்கம்பத்திலை. அதுவும் இவையின்ரை வழக்கம், செத்தவீட்டுக்கு. ஆனால் அதெல்லாம் பக்கத்திலை இருக்கிற ஆக்கள் செய்யிறது. செத்த ஆள் செய்யிறதில்லை.

போடில் இன்னும் ஒண்டு சொன்னவ. அதைப் பொலிசுக்குச் சொல்லேல்லையாம்.

பனியிலை மரச்சப்பாத்துத் தடம். நிறைய. எல்லாம் வாசலிலை இருந்து ரோட்டுக்குப் போன தடம். வந்த தடம் ஒண்டும் இல்லை. ரோட்டிலை ஏறி, ஒவ்வொரு பாழ்வீட்டு வாசலிலையும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிரிஞ்சு போயிருக்கு.

நடுவிலை ஒரு சோடித் தடம் வேறை மாதிரி. துணிச்சப்பாத்து. வீட்டுக்குள்ளை போடுறது. பக்கத்திலை தள்ளுவண்டிச் சில்லு போன அடையாளம் இல்லை. நேராய், சின்னப் பெட்டை நடந்த மாதிரி நடந்து போயிருக்கு.

போடில் திரும்பி வீட்டுக்குள்ளை போய்ப் பாத்தவ.

மக்டாவின்ரை துணிச்சப்பாத்து கட்டிலுக்குக் கீழை சோடியாய் இருந்துது.

தொட்டுப் பாத்தவ.

அடியிலை பனி... இன்னும் கரையேல்லை.